படிப்புக்குக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்

கொங்கு நாட்டில் பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் எங்கு போனாலும் ஒரே பேச்சுத்தான். "படிப்புக்குக் காசு பாக்கக் கூடாதுங்க." ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் குவிண்டாலுக்கு இருநூறு ரூபாய் குறைந்தால் மூட்டையைத் திரும்பக் குடோனுக்கே கொண்டுபோகிறவர் இதைச் சொல்கிறார். திருப்பூரில் பீஸ் ரேட்டில் பத்துப் பைசாவுக்காக அரை நாள் பேசுகிறவரும் இதையே சொல்கிறார். உறவுக்காரர்கள் சொல்கிறார்கள், பள்ளி ஆண்டு விழா மேடையில் சொல்கிறார்கள், கல்லூரி விளம்பரங்கள் வேறு வார்த்தைகளில் சொல்கின்றன. முதலில் நல்ல காலேஜைப் பிடி, பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த மண்ணில் எழுதாத சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டம் தவறு. அதற்கு அதிக விலை கொடுப்பவர்கள் இருப்பதிலேயே வசதி குறைந்தவர்கள்.

இதைச் சொல்கிறவர்களின் மனசை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத தலைமுறை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. தோட்டத்தில் ஓர் ஏக்கரை விற்று மகனைப் படிக்க வைத்து, அந்த மகன் சம்பாதித்து இரண்டு ஏக்கர் வாங்கிய கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் கதைகள் உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பொறியியல் பட்டதாரி அரிதாக இருந்த காலத்துக் கதைகள். அன்று நல்ல தீர்மானமாக இருந்தது இன்றும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். விற்ற ஏக்கர் திரும்பாத வீடுகளும் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களை யாரும் மேடை ஏற்றுவதில்லை.

என் வாதத்தின் மையம் இது: தமிழ்நாட்டில் கல்வி உதவியில் பெரும்பகுதி பிள்ளையைப் பார்த்து மட்டும் வருவதில்லை. பிள்ளை எந்த வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறது என்பதைப் பார்த்து வருகிறது. அதே பிள்ளை, அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்ச். கவுன்சலிங் வழியாக வந்தால் ஒரு கணக்கு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தால் வேறு கணக்கு. உள்ளே போன பிறகு வழியை மாற்ற முடியாது. ஆகவே, "முதலில் காலேஜ், அப்புறம் காசு" என்ற வரிசையே தலைகீழானது. அப்புறம் பார்க்கும்போது உதவி கைவிட்டுப் போயிருக்கும்.

இதைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

சிறுபான்மையல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டை அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு. மீதிதான் நிர்வாக ஒதுக்கீடு. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், கலந்தாய்வில் இடம் பெறும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகையாகக் கல்விக் கட்டணத்தில் கணிசமான பகுதியை அரசு ஏற்கிறது. 2010 முதல் இருக்கும் திட்டம் இது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசுடையது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 2018இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியபோது நிர்வாக ஒதுக்கீட்டை இதிலிருந்து நீக்கிவிட்டது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று விழுக்காடு வட்டி மானியம் கிடைக்கிறது. அங்கும் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவருக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை.

இந்த நான்கு உதவிகளும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அரசுகள் கொண்டுவந்தவை. நான்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்த வழியாக வந்தாய்? பிப்ரவரியிலும் மார்ச்சிலும், பரீட்சை எழுதும் முன்பே, "சீட் போயிருமுங்க" என்ற பயத்தில் அட்வான்ஸ் கட்டும் அப்பா இந்த நான்கையும் அந்த ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லவேண்டியவர்கள், "காசு பாக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

"அரசுக் கட்டணத்துக்கு அரசுத் தரம்தான் கிடைக்கும், நல்லது வேணும்னா குடுத்துத்தான் ஆகணும்" என்பது அடுத்த வாதம். பருப்பு, புடவை விஷயத்தில் இது சரியாக இருக்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் படிப்பில் இது பெரும்பாலும் தலைகீழ். கலந்தாய்வில் முதல் ரேங்குகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும். கோவையில் தடாகம் ரோட்டு அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் (ஜி.சி.டி.), பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி. ஆகியவற்றின் அரசு உதவி பெறும் இடங்களும். இந்த இடங்களின் கல்விக் கட்டணம் ஒரு வருடத்துக்கு நல்ல செல்போன் ஒன்றின் விலைகூட வராது. மாநிலத்தின் மிகச் சிறந்த மாணவர்கள் போட்டி போட்டு எடுக்கும் இடங்கள்தான் மாநிலத்தின் மிக மலிவான இடங்கள். விலை ஏற ஏறத் தரம் ஏறும் என்பதை நம்பி மூன்று மடங்கு, நான்கு மடங்கு கொடுக்கிறவர், பல சமயம் ரேங்க் பிள்ளைகள் எடுக்காமல் விட்ட இடத்துக்குத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்.

சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது கணினித் திரையில் வரும் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கோவையில் அரசு உதவி பெறும் கல்லூரிகளின் கீழே சில பாடப்பிரிவுகளின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இரண்டே எழுத்து இருக்கும். சுயநிதிப் பிரிவு என்று அர்த்தம். அதே வளாகம், அதே ஆய்வுக்கூடம், பட்டத்தில் அதே கல்லூரியின் பெயர். ஆனால் எஸ்.எஸ். இல்லாத வரிக்கும் இருக்கும் வரிக்கும் கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் வரிசையை மாற்றிப் போட்ட பிள்ளை, தன் மார்க்குக்கு எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இழந்து நான்கு வருடம் கூடுதலாகக் கட்டும். எஸ்.எஸ். பிரிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கட்டுப்படுகிற குடும்பமும் உண்டு. அங்கே மட்டுமே கிடைக்கும் பாடப்பிரிவும் உண்டு. தெரிந்து தேர்ந்தெடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

"லோன் போட்டுக்கலாம், பையன் பிளேஸ்மென்ட்ல எடுத்துருவான்" என்பதுதான் இருப்பதில் வலுவான வாதம். கல்விக் கடன் நல்ல விஷயம்தான். அது இல்லாமல் படித்திருக்க முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் இந்த வாதத்தைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கூலி உயர்வுக்காக 2022லும் 2025லும் வாரக்கணக்கில் தறியை நிறுத்தியவர்கள் இந்தப் பகுதி விசைத்தறிக்காரர்கள். வருமானம் எவ்வளவு உறுதி என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். மகனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயன்ஸ். கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இரண்டு லட்சம், நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம். முழுவதும் கடன், வட்டி 10 விழுக்காடு. ஏழரை லட்சத்தைத் தாண்டிவிட்டதால் வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். வீட்டுப் பத்திரம் போகிறது. படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 2.8 லட்சம். தவணை தொடங்கும் நாளில் எட்டு லட்சம் 10.8 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 14,270 ரூபாய். கடைசித் தவணை முடியும்போது கட்டியிருப்பது ஏறக்குறைய 17 லட்சம்.

எதிர்ப்பக்கத்தில் சம்பளத்தை வையுங்கள். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் கூட்டங்கூட்டமாக எடுக்கும் புதியவர்களுக்கான ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவது இருபத்தைந்தாயிரத்தைச் சுற்றி. அதில் 14,270 தவணைக்குப் போனால் பெங்களூரிலோ சென்னையிலோ வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கு என்ன அனுப்புவது? கல்லூரிகள் போஸ்டரில் போடும் லட்சங்கள் அந்த வருடத்தின் மிக உயர்ந்த ஒரு சம்பளம். நமக்கு வேண்டியது நடுவில் நிற்கும் மாணவன் வாங்கிய சம்பளம், அதிலும் நம் பிள்ளை சேரும் பாடப்பிரிவில்.

இதில் ரசீது இல்லாத பணத்தை நான் சேர்க்கவே இல்லை. மாநிலக் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது இப்படி: அரசு ஒதுக்கீட்டில் தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வருடம் 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய். இந்தச் சட்டபூர்வமான வித்தியாசமே நான்கு வருடத்தில் 1,28,000 ரூபாய். அதற்கு மேல் வாங்குவது நன்கொடைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டம் 1992லிருந்து இருக்கிறது. இருந்தும் டொனேஷன் என்ற சொல் நம் பேச்சிலிருந்து போகவில்லை. அந்தப் பணத்துக்கு எந்த வங்கியும் கல்விக் கடன் தராது. அது அம்மாவின் நகையிலிருந்து வருகிறது, இல்லாவிட்டால் ரெண்டு வட்டிக்கு வருகிறது. மூன்று லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் ஆறாயிரம். நான்கு வருடத்தில் 2.88 லட்சம் வட்டி மட்டுமே கட்டியாகியிருக்கும், முதல் அப்படியே நிற்கும். கடனே வாங்காதீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளையின் முதல் சம்பளத்தில் தவணை எத்தனை பங்கு வரும் என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. நம் படிப்புக்கும் கல்லூரிக்கும் அது பொருந்துமா என்று வங்கியில் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கல்லூரிகள் தாமே தரும் ஸ்காலர்ஷிப்பைப் பற்றியும் பேச வேண்டும். கொடிசியா வளாகத்திலும் கல்யாண மண்டபங்களிலும் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில் "ஐம்பது சதவீதம் ஸ்காலர்ஷிப்" என்ற பலகையைப் பார்த்ததும் அப்பாக்களின் முகம் மலர்கிறது. உண்மையாகவே ஏழைப் பிள்ளைகளைத் தாங்கும் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் கோவையில் இருக்கின்றன. ஆனால் ஐம்பது சதவீதம் எதில் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் டியூஷன் ஃபீஸில் மட்டும். ஹாஸ்டல், மெஸ், பஸ், லேப்டாப், பிளேஸ்மென்ட் டிரெய்னிங் என்று மற்ற வரிகள் முழுசாக நிற்கும். எத்தனை வருடத்துக்கு என்று கேட்க வேண்டும். ஒரு செமஸ்டரில் கிரேடு குறைந்தால் நின்றுவிடுமா என்று கேட்க வேண்டும். மூன்று லட்சத்தில் பாதி குறைத்தால் வருவது ஒன்றரை லட்சம். சலுகையே இல்லாத அரசு உதவி பெறும் இடத்தின் கட்டணத்தைவிட அது பல மடங்கு அதிகம். எவ்வளவு தள்ளுபடி என்பதை விட்டுவிட்டு, கடைசியில் நாம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். அவை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குள்ளும் வருவதில்லை, மாநிலக் கட்டணக் குழுவுக்குள்ளும் வருவதில்லை.

"அப்படிப் பாத்தா எம் பையனுக்கு சி.எஸ். கிடைக்காதுங்களே" என்று கேட்பவர் உண்டு. கிடைக்காமல் போகலாம். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, ஜவுளி எந்திரம் என்று வளர்ந்த ஊர் இது. இங்கே மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் செத்துப்போன படிப்புகள் அல்ல. பத்தாவது முடித்துக் கோவை அரசு பாலிடெக்னிக்கிலோ பொள்ளாச்சி நாச்சிமுத்து பாலிடெக்னிக்கிலோ டிப்ளமோ எடுத்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேர்ந்தவர்கள் இந்த நகரத்தின் கம்பெனிகளில் நிறைய. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர பி.இ.யும் கோவையில் நீண்ட காலமாக இருக்கிறது. அரசு கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கி, மிச்சமான பணத்தில் மேற்படிப்புப் போகிறவரும் தோற்றவர் ஆகமாட்டார். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது 1852ஆம் ஆண்டிலிருந்து வரலாறு கொண்ட கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களாக உள்ள கல்லூரியில் அந்த ஆயிரம் பஸ்ஸையும் புத்தகத்தையும் தாங்கும்; வருடம் இரண்டு லட்சம் கேட்கும் இடத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

கடைசியில் கௌரவம். "கணக்குப் பாத்துப் படிக்க வச்சாங்கன்னு நாலு பேரு பேசுவாங்க" என்ற பயம். கொங்கு மண்ணின் வரலாறு தெரிந்தவர் இப்படிப் பயப்படத் தேவையில்லை. பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். பீளமேட்டின் பூ.சா.கோ. கல்லூரிகள் எழுந்தது அந்தப் பங்கிலிருந்துதான். இன்றைய ஜி.சி.டி. 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியதற்குப் பின்னால் ஜி.டி. நாயுடுவின் கொடை இருந்தது. ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கியது கையில் காசு இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதற்காக. காசுக்காகப் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று நினைத்துப் பணம் போட்டவர்கள் இவர்கள். அவர்கள் கட்டி வைத்த இடங்களையும் மக்கள் வரியில் நடக்கும் சலுகைகளையும் கேட்டு வாங்குவது உரிமை. அதை விட்டுவிட்டு நிலத்தை விற்பதில் கௌரவம் எதுவும் இல்லை.

பெற்றோர்களை மட்டும் குறை சொல்லி இந்த வாதத்தை முடிக்க முடியாது. அமெரிக்காவில் 2008இல் வந்த ஒரு சட்டத்தின் விளைவாக, 2011 முதல் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் ஒரு கணிப்பானை வைத்தாக வேண்டும். குடும்ப வருமானத்தைப் போட்டால், உதவித்தொகை போக அந்தக் குடும்பம் உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று அது சொல்லும். நம் கல்லூரிகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி கட்டண விவரத்தை வெளியிட வேண்டும். ஆனால் அது இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் படிக்க முடியாத கோப்பாகக் கிடக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வுப் பட்டியலிலேயே ஒவ்வொரு கல்லூரி, ஒவ்வொரு பாடப்பிரிவின் எதிரிலும் நான்கு வருட மொத்தச் செலவை அச்சிட வேண்டும். ஹாஸ்டலும் பஸ்ஸும் அதில் சேர வேண்டும். நடுவில் நிற்கும் மாணவன் வாங்கிய சம்பளமும் வேண்டும். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் ஜனவரியிலேயே பெற்றோர் கூட்டம் நடத்தி, முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, 7.5 விழுக்காடு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கேட்டு ஏஜென்ட் வீட்டுக்கு வரும் முன்னால் இந்தத் தகவல் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தானே கேட்டாக வேண்டும். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அலுவலகத்தில் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறோம், அதில் எந்தெந்த அரசுச் சலுகை வரும், ஸ்காலர்ஷிப் எந்த நிபந்தனையில் தொடரும், விலகினால் எவ்வளவு திரும்பும். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்திருக்கிறது. இதையெல்லாம் கேட்பதால் படிப்பின் மதிப்புக் குறையாது, பெற்றோரின் மதிப்பும் குறையாது. நேர்மையான கல்லூரி ஒரே தாளில் பதில் எழுதிக் கொடுத்துவிடும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லும் கல்லூரியில் ஒரு ரூபாய் அட்வான்ஸும் கட்டாதீர்கள்.